மடோபோ குன்றுகளில் சஃபாரி: திட்டமிடுவது எப்படி?

ஜிம்பாப்வேயின் மடோபோவுக்கு யானையையும் சிங்கத்தையும் தேடிப் போகாதீர்கள். அதற்கு ஹ்வாங்கே தேசியப் பூங்கா இருக்கிறது. இங்கே பார்க்க வேண்டியவை காண்டாமிருகம், வெரோ கருங்கழுகு, வேட்டையாடி வாழ்ந்த ஆதிக்குடிகளான சான் மக்கள் தீட்டிய பாறை ஓவியங்கள். இரண்டு முழுப் பகலாவது வேண்டும். அருகிலுள்ள புலவாயோ நகரிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பினால் ஓவியங்கள்தான் விட்டுப்போகும்.

1. மாதம்: மே முதல் அக்டோபர் வரை. மழைக்காலத்தில் புல் உயர்ந்து விலங்குகளை மறைத்துவிடும், பாறையும் வழுக்கும். ஜூன், ஜூலை விடியலில் திறந்த ஜீப்பில் கை விறைக்கும், கையுறை அவசியம்.

2. வழி: ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து புலவாயோவுக்கு விமானம், அங்கிருந்து தெற்கே சுமார் 35 கி.மீ. சாலை. போகும்போதும் திரும்பும்போதும் ஜோகன்னஸ்பர்க்கில் விமான நிலையத்துக்கு வெளியே தங்குவதானால், தென்னாப்பிரிக்க விசா பலமுறை நுழைய அனுமதிப்பதா என்று பாருங்கள்.

3. கட்டணம்: பலரின் திட்டம் குலைவது இங்கேதான். மடோபோ ஒரே சீட்டில் முடிகிற பூங்கா அல்ல. காண்டாமிருகங்கள் உள்ள ஹ்வோவி என்ற வனவிலங்குப் பகுதி, பூங்காவின் மேற்கே தனி வேலிக்குள் இருக்கிறது. வாசலும் கட்டணமும் தனி. பிரிட்டிஷ் காலனியாதிக்கவாதி செசில் ரோட்ஸின் கல்லறை உள்ள மலிண்டிட்சிமு குன்று அருங்காட்சியகத் துறையின் பொறுப்பு. பூங்காச் சீட்டு அங்கே செல்லாது. வழிகாட்டி சொல்லும் தொகையில் எந்தெந்தக் கட்டணம் அடக்கம் என்று எழுத்தில் வாங்குங்கள். கிழியாத சின்ன அமெரிக்க டாலர் நோட்டுகளாக வைத்திருங்கள்; சில்லறை கிடைப்பது கடினம்.

4. காண்டாமிருகம்: உரிமம் பெற்ற வழிகாட்டியோடு, விடியலிலேயே, நடந்து. அதற்குப் பார்வை மங்கல், மோப்பமும் செவியும் கூர்மை. ஆகவே காற்று அதன் பக்கமிருந்து நம்மை நோக்கி வீச வேண்டும். வாசனைத் திரவியம் வேண்டாம். படமெடுக்கும் முன் கைபேசியின் இருப்பிடப் பதிவை அணைத்துவிடுங்கள். இடம் தெரிந்தால் கொம்புக்காகக் கொல்பவர்களுக்கு வழிகாட்டியதாகிவிடும்.

5. குகைகள்: முதலில் ந்ஸ்வாடுகி, அதன் ஒட்டகச்சிவிங்கிகளின் கோட்டழகுக்கு நிதானமாக நேரம் கொடுங்கள். போமோங்வேயில் 1920களில் ஓவியங்களைக் காக்கவென்று ஆளிவிதை எண்ணெய் பூசியதில் பெரும்பகுதி பாழானது. எனவே தொடாதீர்கள், நிறம் எடுப்பாகத் தெரிய நீர் தெளிக்கவும் வேண்டாம். சிலோஸ்வானே பூங்காவுக்கு வெளியே, வழுக்குப் பாறைச் சரிவின் மேல் உள்ளது; மழை பெய்திருந்தால் ஏறாதீர்கள். ந்ஜெலெலே என்பது மக்கள் மழை வேண்டி வழிபடும் புனிதத் தலம்; பட்டியலிலிருந்தே எடுத்துவிடுங்கள். 2003இல் யுனெஸ்கோ மடோபோவை உலக மரபிடமாக்கியதில் இத்தகைய உயிருள்ள வழிபாட்டுக்கும் பங்குண்டு.

பைனாகுலர் 8×42 போதும். 10 மடங்கு உருப்பெருக்கினால் கை நடுக்கமும் பெருகும். அப்போது பாறை விளிம்பில் கூடு கட்டும் கழுகை நெடுநேரம் பார்க்க முடியாது.

பின்சேர்க்கை: சொந்தமாக ஓட்டுபவர்கள் புலவாயோவிலேயே டேங்கை நிரப்பிவிடுங்கள், குடிநீரும் அங்கேயே.