லண்டனிலிருந்து ரோம்: விமான நேரத்தை நூல் வைத்துக் கணக்கிடுவது எப்படி?

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு மலை ரயில் பாதை 46 கிலோமீட்டர்தான். ஏறி வர ஏறக்குறைய ஐந்து மணி நேரம். அதனால் எங்கள் மலையில் தூரத்தை வைத்து நேரம் சொல்ல முடியாது. ஆகாயத்தில் கொண்டை ஊசி வளைவு கிடையாது, அங்கே சொல்லலாம்.

நான் குன்னூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். மகள் லண்டனில் நர்ஸ். போன மாசியில் ரோமுக்குப் போகிறேன் என்றாள். எப்போது போய்ச் சேருவாள் என்று நானே கணக்குப் போட உட்கார்ந்தேன். அவள் பள்ளியில் படித்தபோது வாங்கிய உலக உருண்டை இன்னும் கடையில்தான் இருக்கிறது.

மெஷின் நூலை எடுங்கள். எம்ப்ராய்டரி நூல் தடிமன், வேண்டாம். பூமத்திய ரேகை மேல் ஒரு சுற்றுச் சுற்றி, டேப்பில் சென்டிமீட்டர் பக்கம் வைத்து அளங்கள். எனக்கு 94 வந்தது. பூமத்திய ரேகை சுமார் 40,000 கிலோமீட்டர். வகுத்தால் ஒரு சென்டிமீட்டருக்கு 425 கிலோமீட்டர்.

இப்போது லண்டன் மேல் நூலைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு ரோம் வரை விறைப்பாக இழுங்கள். 3.4 சென்டிமீட்டர். பெருக்கினால் 1,445. உண்மைத் தூரம் ஏறக்குறைய 1,435 கிலோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் பிசகினால் 42 கிலோமீட்டர் பிசகும், அதனால் மூன்று முறை அளங்கள்.

சுவரில் மாட்டும் உலகப் படத்தில் மட்டும் அளக்காதீர்கள். உருண்டையைத் தட்டையாக்கும்போது, கிராஸாக வெட்டிய துணி இஸ்திரியில் இழுபடுகிற மாதிரி வடக்கு நாடுகள் இழுபட்டுவிடும். தீர்க்கரேகையில் ஒரு பாகை என்பது குன்னூரில் 109 கிலோமீட்டர். லண்டனுக்கும் ரோமுக்கும் நடுவில் 76தான். பல சுவர்ப் படங்களில் இரண்டும் ஒரே அகலம்.

தூரம் கிடைத்ததும் மணிக்கு 800 கிலோமீட்டர் என்று வகுங்கள். 1,435க்கு 1 மணி 48 நிமிடம். அதோடு ஓடுபாதைக்கு ஊர்ந்து போக, ஏற, இறங்க 40 நிமிடம் சேருங்கள். இரண்டரை மணி நேரம் ஆகிறது, டிக்கெட்டிலும் ஏறக்குறைய அவ்வளவுதான் வரும். மாட்ரிட்டிலிருந்து பெர்லின் 1,870 கிலோமீட்டர், அதே கணக்கில் மூன்று மணி நேரம். உயரத்தில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசுவதால் கிழக்கே போகும்போது கொஞ்சம் சீக்கிரம், திரும்பும்போது கொஞ்சம் தாமதம்.

சரி, கடிகாரத்துக்கு வருவோம். நான் தடுமாறியது இங்கேதான். மகள் அனுப்பிய டிக்கெட்டில் காலை 10:00க்குப் புறப்பாடு, மதியம் 1:30க்கு வருகை. மூன்றரை மணி நேரமா, விமானம் எங்காவது நின்று போகிறதா என்று ராத்திரி தூக்கமே இல்லை. டிக்கெட்டில் புறப்படும் நேரம் லண்டன் நேரம், சேரும் நேரம் ரோம் நேரம். ரோம் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். அதைக் கழியுங்கள். திரும்பி வரும் டிக்கெட்டில் அதைக் கூட்டுங்கள்.

நம் நேரத்துக்கு மாற்ற, குளிர்காலத்தில் ரோம் நேரத்தோடு நாலரை மணி சேர்க்க வேண்டும். மார்ச் கடைசி ஞாயிறிலிருந்து அக்டோபர் கடைசி ஞாயிறு வரை மூன்றரை. ஆக அவள் இறங்கியபோது குன்னூரில் மாலை 6:00.

ஆனால் 6:00 மணிக்கே போனைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். பெட்டி வர வேண்டும், பாஸ்போர்ட் பார்க்க வேண்டும், அப்புறம் ஃபியுமிச்சினோ விமான நிலையத்திலிருந்து டெர்மினி ஸ்டேஷனுக்கு நேர் ரயிலில் 32 நிமிடம். எனக்கு அழைப்பு வந்தபோது மணி 7:40.