பழைய அடுக்ககத்தை இடித்து, கீழே கடை மேலே வீடு: மூன்று டிசைன்களை ஒப்பிடுவது எப்படி?

தி.நகர், மயிலாப்பூர், புரசைவாக்கம் என்று சென்னையின் கடைத்தெருக்களை ஒட்டி, முப்பது நாற்பது வருஷம் ஆன மூன்று மாடி அடுக்ககங்கள் நிறைய இருக்கின்றன. லிஃப்ட் கிடையாது, தூண்களில் சிமென்ட் பெயர்ந்து கம்பி தெரிகிறது. அவற்றை இடித்துவிட்டு, கீழே கடைகளும் மேலே வீடுகளுமாகக் கட்டித் தர இப்போது பில்டர்கள் தேடி வருகிறார்கள்.

எங்களிடமும் மூன்று பேர் வந்தார்கள். எங்களுடையது 16 வீடு, 4 கிரவுண்டு மனை, முன்னால் 40 அடி ரோடு. முதல் கூட்டத்திலேயே கலர் படத்தைப் பார்த்துப் பாதிப் பேர் கண்ணாடி முகப்பு வைத்த கட்டடத்துக்குக் கை தூக்கிவிட்டார்கள். 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம். அதாவது அவசரப்பட்டுத் தூக்கும் கை, சம்மதிக்காத பக்கத்து வீட்டுக்காரரையும் சேர்த்துத்தான் கட்டுப்படுத்தும். அதனால் நான்கு மாதம் உட்கார்ந்து வரைபடம் படிக்கக் கற்றுக்கொண்டோம். அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

படி 1: ஒரே மாதிரித் தாள்களைக் கேளுங்கள்

முகப்புப் படத்தை எடுத்து ஓரமாக வையுங்கள். மூன்று பேரிடமும் ஒரே பட்டியலைக் கொடுங்கள்: ஒவ்வொரு தளத்துக்கும் அளவு போட்ட ப்ளான், கட்டடத்தைக் குறுக்கே வெட்டிக் காட்டும் படம், பரப்பளவுக் கணக்கு, கார் நிறுத்தும் படம், பொருள்களின் விவரம். எல்லாம் 1:100 அளவில், காகிதத்தில் அச்சடித்து. போனில் பெரிதாக்கிப் பார்க்கும் படத்தில் அடிக்கோல் வைத்து அளக்க முடியாது.

படி 2: எவ்வளவு கட்டலாம் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்

இது கஷ்டமில்லை. 4 கிரவுண்டு என்றால் 9,600 சதுர அடி. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இன்படி, 18.30 மீட்டருக்கு உயரம் மிகாத கட்டடத்துக்குத் தளப்பரப்புக் குறியீடு (எஃப்.எஸ்.ஐ.) 2, அதாவது மனைப் பரப்பைப் போல் இரண்டு மடங்கு கட்டலாம். ஆக 19,200 சதுர அடி. 12 மீட்டர் (ஏறக்குறைய 40 அடி) ரோடு இருந்தால், அரசுக்குக் கட்டணம் கட்டி இன்னும் 40 சதவீதம் வாங்கலாம். மொத்தம் 26,880. பில்டர் சொல்லும் மொத்தப் பரப்பு இதைத் தாண்டினால், எந்த விதியில் அது வருகிறது என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வரட்டும்.

படி 3: மூன்றையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவாருங்கள்

எங்களுக்கு வந்த எண்கள் இவை. முதலாமவர் வீட்டுக்கு 1,250 சதுர அடி என்றார், இரண்டாமவர் 1,060, மூன்றாமவர் 870. மூன்றாமவரை அன்றைக்கே பலர் கைகழுவிவிட்டார்கள். ஆனால் முதலாமவர் சொன்னது சூப்பர் பில்ட்-அப். படிக்கட்டு, லிஃப்ட், வராந்தா எல்லாவற்றிலும் நம் பங்கைச் சேர்த்த கணக்கு. இரண்டாமவருடையது வெளிச்சுவரோடு சேர்த்த பில்ட்-அப். மூன்றாமவர் மட்டும்தான் கார்பெட் ஏரியாவைச் சொல்லியிருந்தார். ரேரா என்னும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் கார்பெட் ஏரியா என்றால், வீட்டுக்குள் இருக்கும் தடுப்புச் சுவர்கள் உண்டு. வெளிச்சுவர், பால்கனி, குழாய் இறங்கும் சந்து கிடையாது. அப்படி அளந்து பார்த்தபோது முறையே 850, 890, 870 வந்தது.

அப்புறம் யூ.டி.எஸ்., அதாவது மண்ணில் நம் பிரிக்கப்படாத பாகம். வீட்டுக்கு 600 சதுர அடி இருந்தது ஒருவர் கணக்கில் 380 ஆனது, இன்னொருவர் கணக்கில் 340 ஆனது. காரணம், அந்த இன்னொருவர் தான் விற்கப்போகும் கடைகளுக்கு அதிக மண்ணை ஒதுக்கியிருந்தார். சுவர் பழசாகும், மண் பழசாகாது. இந்த எண்ணைத் தனிக் கட்டத்தில் எழுதி வையுங்கள்.

படி 4: தரைத்தளத்தில் சிவப்புப் பென்சில்

நேரம் முழுவதையும் ஒரே தாளில் செலவிடச் சொன்னால், இந்தத் தாளைத்தான் சொல்வேன். கடையும் வீடும் சேர்ந்த கட்டடம் நன்றாக ஓடுமா ஓடாதா என்பது தரைத்தளத்தில்தான் முடிவாகிறது.

ஒரு சிவப்புப் பென்சிலை எடுத்து, ரோட்டிலிருந்து லிஃப்ட் வாசல் வரை கோடு போடுங்கள். நேரம் தீபாவளிக்கு முந்தின வாரம், சாயங்காலம் ஏழு மணி. கையில் காய்கறிப் பையோடு எழுபது வயது அம்மா நடந்து வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை இடத்தில் வண்டி குறுக்கே வருகிறது? எத்தனை படி? எந்த இடம் இருட்டு?

முதல் டிசைனில் கடைக்கும் வீட்டுக்கும் ஒரே கேட். கடைக்கு வருபவர்களின் இருசக்கர வண்டிகளுக்கு இடமே வரையவில்லை. அவை நிற்கப்போவது நம் கேட்டுக்கு முன்னால்தான். மூன்றாவதில் இரண்டு கடைகளுக்கு நடுவே ஐந்தடிச் சந்து, அதற்குள் வீட்டு வாசல். ராத்திரி ஷட்டர் இறங்கிவிட்டால் அங்கே ஆள் நடமாட்டமே இருக்காது. இரண்டாவதில் மனையின் ஒரு ஓரத்தில் வீடுகளுக்குத் தனி கேட், ஆம்புலன்ஸ் உள்ளே வரும் அகலத்தில் பாதை, லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் போகும் ஆழம். கடைகளை இரண்டு மீட்டர் உள்ளே தள்ளி, வண்டி நிறுத்த இடம் விட்டிருந்தார்கள். அதற்காக ஒரு கடையையே அவர்கள் குறைத்திருந்தார்கள். அந்த ஆர்க்கிடெக்ட்டின் மேல் எனக்கு மரியாதை வந்தது அப்போதுதான்.

இதே தாளில் இன்னொன்றும் பாருங்கள். நாளைக்கு ஒரு கடையில் ஓட்டல் வந்தால் அடுப்புப் புகை எங்கே போகும்? மொட்டை மாடி வரை தனிக் குழாய் இப்போதே வரைபடத்தில் இல்லையென்றால், அது முதல் மாடிப் படுக்கையறை ஜன்னலுக்குத்தான் வரும். கடைகளுக்குத் தனி மின் மீட்டர், தனித் தண்ணீர்த் தொட்டி, தனிக் குப்பை இடம் இருக்கிறதா என்பதும் இதில்தான் தெரியும்.

படி 5: மொட்டை மாடியில் சாக்பீஸ்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடிக்குப் போய், ஒவ்வொரு டிசைனின் படுக்கையறையையும் உண்மை அளவில் சாக்பீஸால் வரைந்தோம். முதல் டிசைனின் அறை அகலம் ஒன்பதரை அடி. இரண்டாம் மாடி மாமி தன் கட்டிலை இஞ்ச் டேப்பால் அளந்துவிட்டு வந்திருந்தார்: ஆறடி. அதைக் கோட்டுக்குள் வரைந்து, எதிரே இரண்டடி ஆழத்துக்கு அலமாரியையும் வரைந்தால், நடுவில் மிச்சம் ஒன்றரை அடி. மாமி அதற்குள் நின்று, அலமாரிக் கதவைத் திறப்பதுபோல் கையை இழுத்துப் பார்த்தார். முழங்கை கட்டிலுக்குள் போனது. ப்ளானைத் திரும்ப எடுத்துப் பார்த்தோம். அதில் கட்டிலை நாலடி அகலத்துக்கு வரைந்திருந்தார்கள். ப்ளானில் வரைந்த கட்டில், சோபா, கார் எதையும் அளக்காமல் நம்பாதீர்கள்.

படி 6: தண்ணீர், வெயில், காற்று

2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனை பேஸ்மென்ட்களில் கார்கள் மூழ்கின என்பது நமக்குத் தெரியும். பேஸ்மென்ட் பார்க்கிங் வைத்த டிசைன் என்றால், சாய்தளத்தின் மேல்முனை ரோட்டைவிட எவ்வளவு உயரம், பம்ப் எங்கே, ஜெனரேட்டரும் மின் பேனலும் எந்தத் தளத்தில் என்று கேளுங்கள். பேனல் கீழே இருந்தால், தண்ணீர் புகுந்த அன்றைக்கு பம்பும் ஓடாது, லிஃப்டும் ஓடாது. இங்கே கடற்காற்று கிழக்கு, தென்கிழக்கிலிருந்து வருகிறது. அந்தப் பக்கம் ஜன்னல் யாருக்குக் கிடைக்கிறது, மேற்குச் சுவர் வெயில் யாருக்கு விழுகிறது என்றும் வீட்டு வாரியாகக் குறியுங்கள்.

படி 7: பணமும் காலமும்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். கட்டும் காலத்துக்கு பில்டர் நமக்குத் தரும் வாடகை எவ்வளவு, தாமதமானால் எவ்வளவு கூடும், பேங்க் கியாரண்டி (பில்டர் வாக்குத் தவறினால் வங்கி பணம் தரும் உறுதி) உண்டா. மனை 500 சதுர மீட்டருக்கு மேல் என்பதால் ரேராவில் பதிவு வேண்டும். வீடு வாங்குபவர்கள் தரும் பணத்தில் 70 சதவீதம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும்.

படி 8: மதிப்பெண் போட்டு, திருப்பி அனுப்புங்கள்

எல்லாவற்றுக்கும் சமமாக மதிப்பெண் போடாதீர்கள். நாங்கள் 100-இல் தரைத்தளத்துக்கு 35, கார்பெட் ஏரியாவுக்கும் மண் பாகத்துக்கும் சேர்த்து 30, தண்ணீர்-காற்றுக்கு 20, முகப்புக்கு 5 வைத்தோம். மிச்சம் 10 பணத்துக்கும் காலத்துக்கும். குறைகளைப் பட்டியலிட்டு மூன்று பேருக்கும் அனுப்பி, திருத்திய ப்ளான் தர மூன்று வாரம் கொடுத்தோம். முதலாமவர் படுக்கையறையை ஓரடி அகலமாக்கினார், கேட்டை மாற்றவில்லை. இரண்டாமவரின் முதல் ப்ளானில் புகைக் குழாய் இல்லை. இரண்டாவது ப்ளானில் வந்தது. அவரோடு போட்ட ஒப்பந்தத்தில் இணைத்த வரைபடத்தில் அந்தக் குழாயைச் சிவப்பில் வட்டமிட்டு, பக்கத்திலேயே 16 பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.