இரவுப் பணியில் காபி: குடிக்கும் நேரம்தான் முக்கியம்

கண் சொக்கிய பிறகு குடிக்கும் காபி பிந்திய காபி. காஃபின் ரத்தத்தில் உச்சம் தொட 30 முதல் 60 நிமிடம் ஆகும். அமெரிக்க ராணுவத்தின் ‘2பி-அலர்ட்’ மென்பொருள் விழிப்புநிலையைக் கணிக்கக் கேட்பது தூங்கிய நேரம், காஃபின் அளவு, அதைக் குடித்த நேரம். அந்தக் கணிப்பின் அளவுகோல் எளிய சோதனை: திரையில் எண் ஓடத் தொடங்கியதும் பொத்தானை அழுத்த வேண்டும்; 500 மில்லிவினாடியைத் தாண்டினால் கவனச் சறுக்கல்.

விடிவதற்கு முந்தைய மணிகளில்தான் சறுக்கல் அதிகம். அதனால் 100 மில்லிகிராம் காஃபினை அதிகாலை 2 மணிக்கே முடித்துவிடுங்கள். பாதி வெளியேறவே சுமார் 5 மணி நேரம் ஆகும் (ஆளுக்கு ஆள் நிறையவே மாறும்). காலை 8 மணிக்குப் படுப்பவர் 2 மணிக்குமேல் காஃபினைத் தொட வேண்டாம். காஃபின் தூக்க அழுத்தத்தை (விழித்திருக்க விழித்திருக்க ஏறும் தூக்கத் தேவையை) மறைக்கிறதே தவிரக் குறைப்பதில்லை. பகல் தூக்கம் கெட்டால் அடுத்த இரவு அதே அளவு போதாது.