‘வேறொருவராலும் இரட்சிப்பு இல்லை’ என்று சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இயேசு கிறிஸ்துவாலன்றி வேறொருவராலும் இரட்சிப்பு இல்லை என்பது கிறிஸ்தவ விசுவாசத்தின் நடுநாயகமான அறிக்கை. அதைக் கேட்கிற பலர் புண்படுவதற்கும், சொல்லுகிற சிலர் இறுமாப்புக் கொள்வதற்கும் பெரும்பாலும் காரணம் ஒன்றே: தேவனுடைய பரிசுத்தத்தையும் மனிதனுடைய பாவத்தையும் விளக்காமல் நேரே அந்த முடிவுக்குத் தாவிவிடுகிறோம்.

முதல் தவறு, பாவத்தைக் கெட்ட பழக்கங்களின் பட்டியலாகச் சுருக்குவது. குடி, சூது, விபசாரம் என்று அடுக்கினால், அவற்றைத் தொடாதவர் தமக்கு இரட்சகர் எதற்கு என்று எண்ணுவது இயல்பே. லூக்கா 18ஆம் அதிகாரத்தில் ஜெபம் பண்ணப் போன, நியாயப்பிரமாணத்தைக் கண்டிப்பாகக் கைக்கொள்ளும் பரிசேயன் வாரத்தில் இரண்டு தரம் உபவாசித்தான், தசமபாகம் கொடுத்தான். அதில் பொய் இருந்ததாக இயேசு சொல்லவில்லை. ஆனாலும் நீதிமானாக்கப்பட்டு வீடு திரும்பியவன், வானத்தை ஏறிட்டுப் பார்க்கவும் துணியாமல் மார்பில் அடித்துக்கொண்ட ஆயக்காரனே, அதாவது வரி வசூலிப்பவனே. தேவனை விட்டு விலகித் தன்னையே நம்பி நிற்கும் இருதயம் நல்லொழுக்கத்தின் நடுவிலும் இருக்கக்கூடும் என்பதால்தான், பவுல் ரோமர் நிருபத்தின் முதல் அதிகாரத்தில் புறஜாதியாரை, அதாவது யூதரல்லாதவரை, கண்டித்துவிட்டு, அடுத்த அதிகாரத்திலேயே அவர்களை நியாயந்தீர்க்கிறவன் பக்கம் திரும்புகிறார். கிருபையின்றித் தன் முயற்சியாலேயே மனிதன் கட்டளைகளை நிறைவேற்ற முடியும் என்று போதித்த துறவி பெலாகியுவின் போக்கை கி.பி. 418இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் கூடிய ஆயர்கள் மறுத்தார்கள்.

நோயாளியின் கட்டிலருகே நின்று, “அறிக்கை செய்யாத பாவம் ஏதாவது இருக்கிறதா?” என்று கேட்பது இன்னும் கொடியது. பிறவிக் குருடனைக் காட்டி, இவன் செய்த பாவமோ பெற்றோர் செய்த பாவமோ என்று சீஷர்கள் கேட்டபோது, இரண்டுமே இல்லை என்று இயேசு மறுத்தார். யோவான் 9ஆம் அதிகாரத்தை அறிந்தவர்கள் இந்தக் கேள்வியை வாயில் எடுக்கவே கூடாது.

பரிசுத்தம் என்றால் கோபம் என்று நினைப்பது அடுத்த தவறு. பழைய ஏற்பாட்டின் தேவன் வேறு, இயேசுவின் பிதா வேறு என்று போதித்த மார்சியோனை 2ஆம் நூற்றாண்டிலேயே ரோமாபுரிச் சபை விலக்கியது. ஏசாயா 6ஆம் அதிகாரத்தை நிதானமாகப் படித்தால் அந்தப் பிரிவினை நிற்காது. உசியா ராஜா மரித்த வருஷத்தில், சேராபீன்கள் என்னும் பரலோகத் தூதர்கள் மூன்று முறை ‘பரிசுத்தர்’ என்று கூப்பிடுவதைக் கேட்ட ஏசாயா முதலில் உணர்வது தம் உதடுகளின் அசுத்தத்தை; தீர்க்கதரிசிக்கு ஊழியக் கருவியே உதடுதான். அசுத்த உதடுகளுள்ள ஜனங்களின் நடுவில் வாசமாயிருக்கிறேன் என்று அவர்களோடு தம்மையும் சேர்த்தே சொல்கிறார். உடனே ஒரு சேராபீன் பலிபீடத்திலிருந்து குறட்டால் நெருப்புத்தழலை எடுத்து அவர் வாயைத் தொடுகிறான், பாவம் நிவிர்த்தியாகிறது. அவரை நடுங்கவைத்த அதே சந்நிதியிலிருந்துதான் சுத்திகரிப்பும் வருகிறது. சிலுவையைக் கோபத் தணிப்பாக மட்டும் பிரசங்கிக்கிறவர்கள் இந்தத் தழலை மறந்துவிடுகிறார்கள்.

‘வேறொருவராலும் இல்லை’ என்ற வாக்கியத்தைப் பேதுரு சொன்ன சூழலையும் கவனிக்க வேண்டும். அது அப்போஸ்தலர் 4ஆம் அதிகாரத்தில், குணமான சப்பாணி அருகில் நிற்க, தம்மை விசாரித்த ஆலோசனைச் சங்கம் என்னும் யூதத் தலைவர்களின் மன்றத்துக்குக் கைதி ஒருவர் கொடுத்த பதில். அதிகாரத்தில் இருந்தவர் எளியோரை மிரட்டச் சொன்ன சொல் அல்ல. அது கிறிஸ்துவைப் பற்றிய அறிக்கையே தவிர, யார் யார் நரகத்துக்குப் போவார்கள் என்று நாம் எழுதிக்கொள்ளும் கணக்கு அல்ல. சுவிசேஷத்தைத் தம் குற்றமின்றி அறியாதவர்களும் கிருபையால் மீட்படையக்கூடும் என்று 1964இல் கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் போதித்தது. இயற்கை வழியாகத் தேவனைப் பற்றி மனிதர் பெறும் அறிவு இரட்சிக்காது என்று சுவிசேஷகத் திருச்சபையினரின் 1974ஆம் ஆண்டு லோசான் உடன்படிக்கை உரைத்தது. மீட்பர் கிறிஸ்து ஒருவரே என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன. மீதியுள்ள வேறுபாட்டை மறைப்பதும், நியாயாசனத்தில் தாமே ஏறி அமர்வதும் நேர்மையல்ல.

தமிழ்நாட்டில் இந்த அறிக்கையைக் கெடுப்பது பெரும்பாலும் சாதி. ஒரே நாமத்தால் இரட்சிப்பு என்று பாடிவிட்டு, சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தைச் சாதிவாரியாகப் பிரித்து வைத்திருக்கிறோம். எந்த மனுஷனையும் தீட்டுள்ளவன் என்று சொல்லலாகாது என்பதை அப்போஸ்தலர் 10ஆம் அதிகாரத்தில், செசரியாவில், புறஜாதியானாகிய கொர்நேலியுவின் வீட்டுக்குள் நுழைந்து அறிவித்தவரும் அதே பேதுருதான்.