பச்சை உடம்புக்காரியை வைத்துத் திகில் கதை எழுத

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் இரண்டாவது பிள்ளைக்குப் பத்தியம் இருந்தபோதுதான் என் கதையைத் தொடங்கினேன். பேயெல்லாம் வேண்டாம், தூக்கமின்மை போதும். பச்சைக் குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் குடிக்கும். காட்சிகளை அந்தக் கணக்கில் வெட்டுங்கள். விடியற்காலை மூன்று மணி. ஏணை ஸ்பிரிங் கிறீச்சிட்டு ஆடுகிறது, உள்ளே பிள்ளை இல்லை. அவளே தூக்கிக் கட்டிலில் போட்டாளா, வேறு யாராவதா? அவளுக்கே தெரியக்கூடாது. கணவர் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போய்விட்டார். மாமியார் மிளகு ரசத்தோடு வரும்வரை சாட்சி கிடையாது.

அப்புறம், பிரசவத்துக்குப் பின் வரும் கடும் மனநோய் 1000 பேரில் ஒன்றிரண்டு பேருக்கு வரும், பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்தில். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நோய் அது. அவளை வில்லியாக்கிவிடாதீர்கள். முதலில் நானும் அப்படித்தான் எழுதியிருந்தேன். பக்கத்து லயத்து அக்கா படித்துவிட்டு, ஒன்றும் பேசாமல் நோட்டை நீட்டினார்.