குளிர்காலத்திலும் செம்மறி ஆடுகள் மேய: புல்லைச் சேமித்து அளந்து கொடுக்கும் முறை

உறைபனி விழும் இடங்களில் குளிர்காலத்தில் புல் வளராது. மேய்ந்த இடம் வசந்தம் வரை அப்படியே கிடக்கும். ஆகவே நிலத்தில் நிற்கும் புல்லை வைக்கோல் போர் மாதிரி நினைத்து, அளந்து செலவழிக்க வேண்டும்.

1. முன்கூட்டியே ஒதுக்குங்கள்

முதல் உறைபனிக்கு 60 முதல் 75 நாள் முன்பே நிலத்தின் ஒரு பகுதியை ஆடு நுழையாமல் அடைத்துவிடுங்கள். அடைக்கும் முன் 8–10 செ.மீ. உயரத்துக்கு மேயவிடுங்கள் அல்லது வெட்டிவிடுங்கள். பழைய புல்லை அப்படியே விட்டால் தண்டு முற்றிவிடும். ஆடு அதைச் சீண்டாது.

2. எவ்வளவு இருக்கிறது?

புதியவர்கள் தவறுவது இங்கேதான். கண்ணால் மதிப்பிட்டால் நிறைய இருப்பதுபோலத் தெரியும். 1 சதுர மீட்டர் புல்லை 8 செ.மீ. விட்டு வெட்டி, எடை குறைவது நிற்கும்வரை காயவைத்து நிறுங்கள். நான்கைந்து இடங்களில் செய்து சராசரி எடுங்கள்.

200 கிராம் வந்ததாக வைத்துக்கொள்வோம். மிதிபடுவது, சாணம் படுவது போக 70% தான் வயிற்றுக்குப் போகும். அதாவது 140 கிராம். 40 கிலோ ஆடு ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1.2 கிலோ உலர்தீவனம் வேண்டும். 10 ஆடுகளுக்கு 12 கிலோ. 12-ஐ 0.14-ஆல் வகுத்தால், ஒரு நாளைக்குச் சுமார் 86 சதுர மீட்டர்.

3. துண்டு துண்டாகத் திறங்கள்

மின்வலை வேலியால் 2–3 நாளுக்கான துண்டை மட்டும் பிரித்துவிடுங்கள். தண்ணீர்த் தொட்டி இருக்கும் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். புல் மறுபடி துளிர்க்காத காலம் என்பதால் பின்பக்கம் வேலி தேவையில்லை. மேய்ந்த இடத்தின் வழியாகவே ஆடுகள் தண்ணீருக்கு வந்துபோகலாம். தரை உறைந்தால் வேலியின் மின்சாரம் சரியாகப் பாயாது, தினமும் சோதியுங்கள்.

4. 8 செ.மீ.யில் நிறுத்துங்கள்

வசந்தத்தில் துளிர்ப்பதற்கான சத்தைப் புல் தன் அடித்தண்டில்தான் வைத்திருக்கிறது. குடற்புழுவின் இளம்புழுக்களும் பெரும்பாலும் கீழ் 5 செ.மீ.க்குள்தான் இருக்கும். ஒட்ட மேயவிட்டால் புல், ஆடு இரண்டுக்கும் கேடு.

5. வெளியே விடக்கூடாத நேரங்கள்

புல்லில் உறைபனி படிந்திருந்தால் அது உருகும்வரை பொறுங்கள். உறைந்த இலையை மிதித்தால் குளம்பு பட்ட இடமெல்லாம் கறுத்துச் சாகும். மழையில் நிலம் குழைந்திருந்தால் தனியாக ஒதுக்கிய மேட்டுப் பட்டியில் அடைத்து உலர்தீவனம் போடுங்கள். உறைபனி பட்ட சோளப் பயிரில் சயனைடு நஞ்சு உருவாகும். பயிர் முழுதும் பட்டுக் காயும்வரை கிட்டவே விடாதீர்கள்.

6. ஆட்டைத் தொட்டுப் பாருங்கள்

அடர்ந்த ரோமத்துக்குள் மெலிவு மறைந்துவிடும். இரண்டு வாரத்துக்கொருமுறை முதுகெலும்பைத் தடவுங்கள். கூராகத் தட்டுப்பட்டால் புல் போதவில்லை. சினை ஆடுகளுக்குக் கடைசி 6 வாரம் அடர்தீவனமும் (தானியம், பிண்ணாக்கு போன்ற சத்து மிகுந்த தீவனம்) வேண்டும். வயிற்றை அடைத்துக் குட்டி வளர்வதால் புல்லை மட்டும் தின்று தேவையான சத்தை அவை எடுக்க முடியாது. தாது உப்புக் கட்டி செம்மறிக்கென்று தயாரித்ததாக இருக்கட்டும். மாட்டுக்கான கட்டியிலுள்ள தாமிரம் செம்மறியைக் கொல்லும். பனியை நக்கிக்கொள்ளும் என்று விட்டுவிடாமல், காலையும் மாலையும் தொட்டியின் பனிக்கட்டியை உடைத்துவிடுங்கள்.