லாட்ஜ் ரிசப்ஷனில் பேசுவது எப்படி? புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

மதுரை டவுன்ஹால் ரோட்டிலோ மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியிலோ உங்களுக்கு ரிசப்ஷன் வேலை கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சம்பளம், ஷிஃப்ட் எல்லாம் முதலாளி சொல்லிவிடுவார். என்ன பேசுவது என்பதைப் பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை. வாக்கியத்துக்கு நாலு ‘சார்’ போட்டால் மரியாதை வந்துவிடாது.

1. வரவேற்பு

கையில் இருக்கும் போனைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நில்லுங்கள். “வாங்க சார், வாங்கம்மா, உட்காருங்க. ரூம் யார் பேர்ல புக் பண்ணியிருக்கீங்க?” இவ்வளவு போதும். சார், மேடம், ஐயா, அம்மா எல்லோருக்கும் பொருந்தும். அக்கா, அண்ணே சிலருக்குப் பிடிக்காது. ‘பாட்டி’ மட்டும் வேண்டவே வேண்டாம், பேரன் பக்கத்திலேயே நின்றாலும் சரி.

2. அடையாள அட்டை

“ஐடி குடுங்க” என்றால் போலீஸ் செக்கிங் மாதிரி இருக்கும். காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்: “பதிவுக்கு ஒரு அடையாள அட்டை வேணும் சார். ஆதார், லைசென்ஸ் எதுன்னாலும் சரி. ஜெராக்ஸ் எடுத்துட்டு உடனே தந்துடறேன்.” வெளிநாட்டவர் என்றால் பாஸ்போர்ட், விசா விவரத்தை 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் பதிய வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

ஆணும் பெண்ணுமாக வந்தால் இருவரிடமும் அட்டை வாங்குங்கள். “இவங்க உங்களுக்கு என்ன வேணும்?” என்று லாபியில் நாலு பேர் முன்னால் கேட்காதீர்கள். அறை எண்ணையும் சத்தமாகச் சொல்லாமல் சீட்டில் எழுதிக் கொடுங்கள்.

3. ‘இல்லை’ என்று சொல்வது

காலை 6 மணிக்கு ரயிலை விட்டு இறங்கி ஒரு குடும்பம் வருகிறது. அறை எதுவும் காலியாகவில்லை. “ரூம் இல்ல சார், பதினோரு மணிக்கு வாங்க” என்றால் அவர்கள் பையோடு எங்கே போவார்கள்? இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

“ரூம் பதினோரு மணிக்குத்தான் ரெடியாகும் சார். பையெல்லாம் இங்கேயே வெச்சுக்கலாம். முகம் கழுவிட்டு நேரா கோயிலுக்குப் போயிட்டு வந்துடுங்க. பன்னிரண்டரைக்கு நடை சாத்திட்டா அப்புறம் நாலு மணிக்குத்தான். செல்போனை உள்ளே விட மாட்டாங்க, அதை மட்டும் பாத்துக்குங்க.”

இதுவும் ‘இல்லை’தான். ஆனால் அவர்களுக்கு அடுத்து என்ன செய்வது என்று தெரிந்துவிட்டது.

4. புகார்

இரவு பத்து மணிக்கு போன் வருகிறது: “வெந்நீர் வரல.” நாக்கு நுனியில் முதலில் வந்து நிற்பது, “கீசர் ஸ்விட்ச் போட்டீங்களா?” அதைக் கேட்கவே கூடாது என்றில்லை. எடுத்ததும் கேட்டால்தான் தப்பு, அவர் மேல் பழி போடுவது போல ஆகிவிடும். “பாக்கறோம் சார்” இன்னும் மோசம். லாட்ஜில் தங்கிப் பழகியவர்களுக்கு அதன் அர்த்தம் நன்றாகவே தெரியும்.

“மன்னிக்கணும் சார். இப்பவே ஆளை அனுப்பறேன், பத்து நிமிஷத்துல வந்துடுவாரு.” நேரத்தைச் சொன்னீர்கள் அல்லவா, அது முடிந்ததும் நீங்களே கூப்பிட்டு “இப்ப வெந்நீர் வருதா சார்?” என்று கேளுங்கள். வரவில்லையென்றால் வேறு அறை, அதுவும் இல்லையென்றால் ஒரு வாளி வெந்நீர்.

கத்துகிறாரா? முழுக்கக் கத்தி முடிக்கட்டும். நடுவில் “கோபப்படாதீங்க” என்றால் கோபம் இரண்டு மடங்காகும். “நான் நைட் டூட்டி, பகல்ல இருந்தவரைத்தான் கேக்கணும்” என்பதும் வேண்டாம். அவருக்கு நீங்கள்தான் லாட்ஜ்.

5. கிளம்பும்போது

ஜிஎஸ்டி சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று வந்த அன்றே சொல்லியிருந்தால் இங்கே பேச்சு குறைவு. “ரூமை செக் பண்ணணும்” என்றால் சந்தேகப்படுவது போல இருக்கும். “சார்ஜர், கண்ணாடி ஏதாவது விட்டுட்டீங்களான்னு எங்க ஆள் ஒரு தடவை பாத்துட்டு வந்துடுவார்” என்று சொல்லுங்கள். துண்டையும் எண்ணிவிட்டுத்தான் வருவார் என்பது வந்தவருக்கும் தெரியும், பரவாயில்லை. பில் போடுவதற்கு முன்பே ஆளை மேலே அனுப்பிவிடுங்கள், வெளியே ஆட்டோ காத்துக்கொண்டிருக்கும்.